எண்பதாவது எழுத்து

ஒரு டெக்ஸ்ட் ஃபைலைப் பேப்பரில் எடுக்கத் தனியாக ஒரு புரோகிராம் எதற்கு என்று அக்கா மகன் கேட்டான். இன்ஜினியரிங் படிக்கிற பையன். "டபுள் கிளிக் பண்ணி கன்ட்ரோல்-பி அடிச்சா வந்துட்டுப் போகுது மாமா, இதுக்கு ஒரு சாஃப்ட்வேரா?" வரும், யார் இல்லை என்றது? எதில் திறக்கிறோமோ அதன் இஷ்டத்துக்கு வரும், அதுதான் என் பிரச்சினை. அன்றைக்கு அவனிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. சொல்ல வராதது மனசுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருப்பதால் இப்போது எழுதிவிடுகிறேன். டெக்ஸ்ட் ஃபைலில் வெறும் எழுத்துதான் இருக்கிறது, அதனால் அதை அச்சடிப்பதும் சுலபமான வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். திரையில் ஒரு வரி எவ்வளவு நீளமும் போகலாம், பக்கம் எவ்வளவு தூரமும் இறங்கலாம். தாளுக்கோ வலது ஓரம் உண்டு, அடி உண்டு. ஓரத்துக்கு வந்ததும் மிச்ச எழுத்தை என்ன செய்வது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். அதை நான் எடுக்கிறேனா, எனக்குத் தெரியாமல் வேறு ஏதோ எடுக்கிறதா? இந்தக் கேள்வியில் எனக்கு ஓர் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. அது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கமிஷன் கடை வாசலில் வந்தது.

காக்கா கடைக் கணக்கு

அந்தக் கடைக்குக் கம்ப்யூட்டரில் எது என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் கிடையாது. எப்போதாவது ஒரு பை நண்டு வரும், எனக்கு அது போதும். கடைக்காரரை ஊரே காக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படித்தான். கணக்கு ஓடுவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில், ஃபாக்ஸ்புரோ என்கிற டேட்டாபேஸ் மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராமில். பச்சை எழுத்து, எஃப்2 அடித்தால் பில், எஃப்5 அடித்தால் போட் கணக்கு. புதிதாக ஒன்று வாங்கலாமே என்று நான் ஒருதடவை சொல்லிப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டேன். அவர் விரல் திரையைப் பார்க்காமலே எஃப்5-க்குப் போகும். மீன் எடைபோட்டு ஏலம் முடிகிற நேரத்தில், ஐஸ் தண்ணீர் சொட்டுகிற கையோடு நாலு பேர் மேஜையைச் சுற்றி நிற்கும்போது, அந்த வேகம் வேறெதிலும் வராது.

பிரிண்டர் ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ். இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட நீளத் தாள், நடுவில் கார்பன். மேல் தாள் போட்டுக்காரருக்கு, அதாவது படகுச் சொந்தக்காரருக்கு; கீழ்த்தாள் கடைக்கு. அந்த மாதிரி பிரிண்டரின் கணக்கு ரொம்பக் கறாரானது: ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து, எட்டு அங்குலத்துக்கு 80 எழுத்து, ஓர் அங்குலத்துக்கு 6 வரி, 11 அங்குலத் தாளுக்கு 66 வரி. புரோகிராம் எழுதியவரும் அந்த 80-ஐ முழுக்கப் பயன்படுத்தியிருந்தார். தேதி, பில் எண், மீன், கிலோ, ரேட், கடைசியில் தொகை. தொகையின் கடைசி இலக்கம் மிகச் சரியாக எண்பதாவது இடத்தில் உட்காரும். அன்றைக்கு அது சிக்கனம். இடத்தை வீணாக்காத நல்ல வேலை.

உப்புக் காற்றுக்கு இந்தக் கரையில் எதுவும் தப்பாது. சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் போகிற வழியில் பிரிண்டரின் தலையில் இருக்கிற ஊசிகளும் போயின. முதலில் எழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, அப்புறம் இரண்டு கோடு. ஒருநாள் தலை நகரவே மறுத்துவிட்டது. தடைக்காலம் தொடங்கியிருந்த சமயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடிக்கிற காலம். கையில் காசு வேண்டும் என்பதால் போட்டுக்காரர்கள் கடைக்கு வந்து தங்கள் கணக்கைக் கேட்கிற காலமும் அதுதான். ஆக, வருஷத்தில் எப்போது பிரிண்டர் கண்டிப்பாக வேண்டுமோ அப்போது பிரிண்டர் இல்லை.

புரோகிராமில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பிரிண்டருக்கு அனுப்பாமல் அதே அறிக்கையை டிஸ்கில் ஃபைலாக எழுது என்று சொல்லலாம். நான் அந்த வாரம் ஊரில் இல்லை. கணக்குப்பிள்ளை அண்ணன் ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி, ஒரு கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துவந்தார். வெள்ளைவெளேர் என்ற ஏ4 தாளில் லேசர் எழுத்து. இத்தனை வருஷம் மங்கல் நாடாவில் பார்த்த கணக்கா இது என்று காக்காவே அசந்துபோனாராம்.

கூட்டினால் சரி, பெருக்கினால் தப்பு

நான் திரும்பி வந்த அன்று காலையில் கடைக்குப் போனால் வாசலில் சத்தம். ஒரு பெரியவர், தெற்குக் கடற்கரையில் படகு வைத்திருக்கிற சம்மாட்டி, தாளை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். "எட்டாயிரமா? மூணு நடைக்கு எட்டாயிரமா? டீசல் காசுக்கே ஆகாது. நான் என்ன சும்மாவா கடலுக்குப் போயிட்டு வந்தேன்?" கணக்குப்பிள்ளை அண்ணன் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுகிறார். "நீங்களே பாருங்க சம்மாட்டி. நாலாயிரத்து எண்ணூத்து அறுவத்தஞ்சு, ரெண்டாயிரத்து நூத்தறுவது, தொள்ளாயிரத்து எழுவத்தஞ்சு. எட்டாயிரம். கரெக்டா இருக்கே?"

தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் அப்பழுக்கில்லாமல் சரி. 4865, 2160, 975, கீழே 8000. கணக்குப்பிள்ளை அண்ணனுக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது, முகத்தில் தெரிந்தது. தொகை குறைவாகத்தான் படுகிறது, ஆனால் தாள் சரி என்கிறது, கால்குலேட்டரும் சரி என்கிறது. அச்சில் வந்து, கூட்டலும் ஒத்துப்போன பிறகு, சந்தேகப்படுகிறவன்தான் முட்டாள் மாதிரி ஆகிவிடுகிறான்.

பெரியவர் தாளைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கணவாய் நூத்தி முப்பத்தொம்போது கிலோ. ரேட்டு முன்னூத்தம்பது. நூறு கிலோன்னு வச்சாலே முப்பத்தஞ்சாயிரம் ஆச்சே தம்பி. நாலாயிரம் எப்புடி வரும்?" அப்போதுதான் எனக்கு விளங்கியது. 139-ஐ 350-ஆல் பெருக்கினால் 48650. நகரை 120 கிலோ, 180 ரூபாய், 21600. ஊடகம் என்கிற மீன் 75 கிலோ, 130 ரூபாய், 9750. மொத்தம் 80000. ஒவ்வொரு தொகையிலும் கடைசிச் சுழி இல்லை. எல்லாத் தொகையும் சுழியில் முடிந்ததால், எல்லாவற்றிலும் ஒரு சுழி போனதும் எல்லாமே பத்தில் ஒன்றாகிவிட்டன, மொத்தமும் உட்பட. அதனால்தான் கூட்டல் ஒத்துப்போனது. ஒரு தொகை 7-லும் இன்னொன்று 3-லும் முடிந்திருந்தால் கூட்டல் இடித்திருக்கும், கணக்குப்பிள்ளை அண்ணன் அந்த நிமிஷமே பிடித்திருப்பார். தலைப்பைப் பார்த்தேன். 'அமவுண்ட்' என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய இடத்தில் கடைசி டி எழுத்து இல்லை. அது அத்தனை நேரமும் எல்லார் கண்ணெதிரேயும்தான் இருந்தது.

ஃபைலைத் திரையில் திறந்து காட்டி, பேனாவால் சுழி போட்டு, காக்கா கையெழுத்து வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெரியவர் சமாதானமாகிப் போனார். போகும்போது கணக்குப்பிள்ளை அண்ணனிடம், "உன் மெசினு வாய்ப்பாடு படிக்கலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மற்ற போட்டுக்காரர்களின் தாள்களையும் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. வாங்கிப் போனவர்களில் இரண்டொருவர் எதுவுமே கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு இன்னும் சங்கடம் தருவது அதுதான்.

அரை பாயிண்ட்

அந்த ராமநாதபுரம் கடைப் பையன் கெட்டவன் இல்லை. அவன் என்ன செய்திருப்பான் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. டெக்ஸ்ட் ஃபைலை ஏதோ ஓர் இலவச மாற்றியில் போட்டு பிடிஎஃப் ஆக்கியிருக்கிறான். முதலில் வலது பக்கம் பாதிக் கணக்கு காணாமல் போயிருக்கும். எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்திருக்கிறான், எல்லாம் உள்ளே வந்துவிட்டது போலத் தெரிந்ததும் நிறுத்திவிட்டான். அந்தத் தாளை அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஓரங்குல மார்ஜின், எழுத்து 9.5 பாயிண்ட்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரியர் எழுத்தில் 'ஐ'யும் 'டபிள்யூ'வும் ஒரே அகலம்தான். உயரத்துக்குச் சொல்கிற பாயிண்ட் அளவில் பத்தில் ஆறு பங்கு. ஏ4 தாளின் அகலம் 595 பாயிண்ட். 72 பாயிண்ட் ஓர் அங்குலம் என்பதால் இரண்டு மார்ஜினும் போக மிச்சம் 451. எழுத்து 12 பாயிண்ட் என்றால் ஒரு வரியில் 62 எழுத்து பிடிக்கும். 10 பாயிண்டில் 75. ஒன்பதரையில் 79. ஒன்பதில் 83. அந்தப் பையன் இன்னும் அரை பாயிண்ட் இறங்கியிருந்தால் சண்டையே இல்லை. அரை பாயிண்ட் கூடுதலாக இருந்திருந்தாலும் ஓரளவுக்குத் தப்பித்திருப்போம். ஐந்து இலக்கமும் போயிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரே ஓர் எழுத்து மட்டும் போகிற இடத்தில் மிகச் சரியாகப் போய் நின்றான்.

ஓரத்துக்கு வந்த எழுத்தைப் புரோகிராம்கள் மூன்று விதமாக நடத்தும். வேர்டு மாதிரியானவை ஓர் எண்ணை உடைக்காது. இடமில்லை என்றால் 48650-ஐ அப்படியே தூக்கி அடுத்த வரியின் இடது ஓரத்தில் வைக்கும். அசிங்கமாக இருக்கும், ஆனால் அசிங்கம் கண்ணில் படும். இரண்டாவது ரகம் எழுத்து எழுத்தாக மடிக்கும். 4865 இந்த வரியில், தனியாக ஒரு 0 அடுத்த வரியில். மூன்றாவது ரகம் வெட்டிப் போடும். விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் இருக்கிற என்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப் புரோகிராம் சாதாரணமாக மடிக்கும், வெட்டு என்று நாம் சொன்னால்தான் வெட்டும். அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நீள நீளமான வரிகளின் முன்பகுதியை மட்டும் மேய வேண்டிய நேரத்தில் வெட்டுவதுதான் வசதி. கேட்காமல் வெட்டுவதும், வெட்டியதற்கு அடையாளமே இல்லாமல் விடுவதும்தான் தப்பு.

மருமகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. டெக்ஸ்ட் ஃபைலை அச்சடிப்பதற்கென்றே எழுதப்பட்ட சின்னப் புரோகிராம்களுக்கு வேறு வேலை கிடையாது. எழுத்தைத் தடிமனாக்குவது, படம் ஒட்டுவது, எழுத்துப்பிழை திருத்துவது எதுவும் இல்லை. எந்த எழுத்து, என்ன அளவு, மார்ஜின் எவ்வளவு, வரி நீண்டால் மடிக்கவா வேண்டாமா, தாள் நிமிர்ந்தா படுத்தா என்று நேராகக் கேட்கும். ஒருதடவை சொல்லிவிட்டால் மறக்காது. விண்டோஸில் நான் வைத்திருப்பது பீட்டர் லெருப் எழுதிய பிரிண்ட்ஃபைல். இலவசம்தான். ஃபைலைத் திறக்கவே வேண்டாம், இழுத்து அதன்மேல் போட்டால் போதும். ஒரே தாளில் இரண்டு பக்கத்தை அடுத்தடுத்து வைத்தும் அடிக்கும். ஃபைலைத் திறக்காமல் அடிப்பதில் எனக்கு இன்னொரு நிம்மதி உண்டு: கை தவறி ஒரு இலக்கத்தை அழித்து, சேவ் பண்ணவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுகிற ஆபத்து இல்லை. கணக்குப்பிள்ளை அண்ணன் எதற்கும் ஆமாம் சொல்கிற ரகம்.

காக்கா கடைக்கு ஒரு சின்ன லேசர் பிரிண்டர் வந்தது. இங்க்ஜெட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன், ஈரக் கை பட்டால் இழுகிவிடும். 9 பாயிண்ட் கூரியர், மார்ஜின் அரை அங்குலம். பக்கத்துக்கு 66 வரியும் உட்கார வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பழைய புரோகிராம் பக்கம் முடிந்ததும் 12-ஆம் எண் குறியை ஃபைலில் வைக்கும். 'அடுத்த தாளுக்குப் போ' என்று பிரிண்டருக்கு அதற்கு அர்த்தம். டாஸ் திரையில் அது பெண்பால் குறி மாதிரி, வட்டத்துக்குக் கீழே ஒரு சிலுவையாகத் தெரியும். நெருக்கி அடி என்பதற்கான 15-ஆம் எண் குறி சின்னச் சூரியனாகத் தெரியும். பக்க எல்லைக்குள் 58 வரிதான் பிடித்தது என்றால், மிச்ச எட்டு வரி அடுத்த தாளுக்கு ஓடி, அங்கே அந்த 12-ஐப் பார்த்ததும் இன்னொரு தாளுக்குத் தாவும். ஒவ்வொரு இரண்டாவது தாளும் முக்கால்வாசி வெறுமையாக வரும். வரி இடைவெளியைக் குறைத்து அதைச் சரிசெய்தேன். இந்த 66 ஒன்றும் செத்துப்போன எண் இல்லை; லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் வழி வந்த, டெக்ஸ்டைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கிற 'பிஆர்' கட்டளை இன்றைக்கும் பக்கத்தை 66 வரியாகத்தான் எடுத்துக்கொள்கிறது, மேலே ஐந்து, கீழே ஐந்து போக 56 வரி நமக்கு.

இன்னொன்றும் செய்து வைத்தேன். 1234567890 என்று எட்டு தடவை எழுதிய ஒரே வரி உள்ள ஃபைல் ஒன்று. தாள் மாற்றினாலோ, பிரிண்டரை யாராவது நோண்டினாலோ முதலில் அதை அடிக்க வேண்டும். வலது ஓரத்தில் கடைசிச் சுழி தெரிந்தால் மேலே போகலாம். கணக்குப்பிள்ளை அண்ணன் இதை மட்டும் ஒருநாளும் தவறவிடுவதில்லை.

தமிழில் கட்டம் நிற்காது

இவ்வளவும் ஆங்கில எழுத்துக் கணக்கு. காக்காவுக்குத் திடீரென்று ஆசை வந்தது, மீன் பெயராவது தமிழில் வரட்டும் என்று. நியாயமான ஆசைதான். பழைய புரோகிராமின் ஃபைலை எடுத்து, மீன் பெயரை மட்டும் தமிழாக மாற்றுகிற ஒரு சின்ன நிரலை மருமகனே எழுதிக் கொடுத்தான். திரையில் அழகாக இருந்தது. அச்சில் கட்டங்கள் தண்ணி போட்டவன் மாதிரி நடந்தன.

இதற்கு இரண்டு காரணம். தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை. 'ர' எங்கே, 'ணை' எங்கே? இடைவெளி தட்டி எண்களை நேராக நிறுத்துவது தமிழ் எழுத்துக்குப் பின்னால் நடக்காத காரியம். இரண்டாவது காரணம் உள்ளே இருக்கிறது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் எண்களாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். 'மீன்' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நாலு குறியீடு, 12 பைட். ஒரு பைட் ஓர் எழுத்து என்று நம்பி எழுதப்பட்ட பழைய புரோகிராம்கள் 80 பைட்டில் வரியை மடித்தால், தமிழ் வரி பாதிக்கு முன்பே, அதுவும் ஒரு குறியீட்டின் நடுவயிற்றில் உடையும். என்ஸ்கிரிப்டுக்கு யூடிஎஃப்-8 தெரியவே தெரியாது. லினக்ஸில் பாப்ஸ் என்று ஒன்று உண்டு. பேங்கோ என்கிற எழுத்துக்கோப்பு நூலகத்தை வைத்து வேலை செய்வதால் கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழை ஒழுங்காக அடிக்கும். ஆனால் அதுகூட எழுத்தைத்தான் சரியாக அடிக்கும், கட்டத்தை நிறுத்தாது.

மருமகன் உடனே, "அப்போ எச்டிஎம்எல் டேபிளாப் போட்டுட்டா என்ன மாமா?" என்றான். வெப் பக்கம் எழுதுகிற முறை அது. போடலாம். போட்டால் அகலத்தையும் மடிப்பையும் பிரவுசர் முடிவெடுக்கும். பழைய கதைக்கே திரும்புவோம். அதைவிட ஒரு குறுக்கு வழி கிடைத்தது. வரிசையை மாற்றிவிட்டோம். தேதி, பில் எண், கிலோ, ரேட், தொகை எல்லாம் முன்னால், மீன் பெயர் கடைசியில். எண்கள் எல்லாம் ஒரே அகலம், அவை நேராக நிற்கும்; அவற்றுக்குப் பின்னால் தமிழ் எவ்வளவு அகலம் எடுத்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஓரத்தில் ஏதாவது வெட்டுப்பட்டாலும் 'கணவாய்' என்பதில் ஒரு 'ய்' போகும், அவ்வளவுதான். தொகை போகாது. கணக்குப்பிள்ளை அண்ணன் மட்டும், மீன் பெயரைக் கடைசியில் போடுகிற கணக்கு உலகத்தில் உண்டா என்று இன்றுவரைக்கும் முனகிக்கொண்டுதான் இருக்கிறார்.

எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பேப்பரே வேண்டாமே என்பதும் மருமகனின் யோசனைதான். அனுப்பவும் செய்கிறார்கள். ஆனால் டீசலும் ஐஸும் முன்பணமும் கழித்துக் கணக்கு முடிக்கிற அன்று, இருவரும் உட்கார்ந்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்து, அடியில் கையெழுத்துப் போடுவதற்குத் தாள்தான் வேண்டும். அதில் இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. பழைய பிரிண்டரில் கார்பன் வழியாக ஒரே அடியில் இரண்டு தாளும் வரும், இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதன்மேல் கையெழுத்து அழுத்திப் போட்டால் கீழ்த்தாளிலும் இறங்கும். லேசரில் இரண்டு தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அன்றைக்குச் சண்டை போட்ட அதே பெரியவர் கேட்டிருக்கிறார். காக்காவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பழைய டாட் மேட்ரிக்ஸ் ஒன்று மதுரையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று காக்கா விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். உப்புக் காற்று படாமல் அதை மூடி வைக்க ஒரு பெட்டிக்கு ஆசாரியிடம் அளவும் கொடுத்துவிட்டாராம். தமிழ் எழுத்தை அதில் படமாகத்தான் அடிக்க முடியும், ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் பிடிக்கும் என்று இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை.